உப்பை மறித்த வள்ளம்

ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட வருடம் எங்கள் வீட்டுக் கதவு போய்விட்டது. குண்டு விழுந்து போகவில்லை. எங்கள் தில்லைமுனையில் குண்டே விழவில்லை. நானே கழற்றிக் கொடுத்தேன். கொடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் நிறைகிறது. யாருக்குக் கொடுத்தேன், எதற்குக் கொடுத்தேன் என்று சொல்கிறேன். நடுவில் மறித்து, "அப்ப கள்ளன் வரேல்லையோ?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், எனக்குக் கோபம் வருகிறது.

தில்லைமுனை மூதூருக்குத் தெற்கே இருக்கிறது. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் விழுவதற்கு முன் பல கிளைகளாகப் பிரியும். அதில் ஒரு சின்னக் கிளையாற்றின் கரைதான் எங்கள் ஊர். மாரியில் ஆறு கடலைத் தள்ளும். மழை விட்டு ஆறு மெலிந்தால் கடல் ஆற்றைத் தள்ளும். எங்கள் கடல் ஏறி இறங்குவது முழங்கால் அளவுகூட இல்லை, ஆனாலும் அந்தக் கொஞ்சம் போதும், உப்பு மெல்ல மெல்ல வயல் வாய்க்கால் வரைக்கும் ஏறிவந்துவிடும். வரி வாங்க வருகிறவர் ஒரு வருடம் வர மறந்தாலும் மறப்பார், உப்பு மறந்ததில்லை.

அதனால் ஒவ்வொரு வருடமும் மழை விட்ட கையோடு, உப்பு ஏறும் முன்னமே, கிளையாற்றுக்குக் குறுக்கே ஊர் கூடி மண்கட்டுக் கட்டும். கட்டுக்கு மேலே நல்ல தண்ணீர், கீழே உப்புத் தண்ணீர். அடுத்த மாரி வெள்ளம் வந்து கட்டைக் கொண்டுபோகும். நாங்கள் திரும்பக் கட்டுவோம். கட்டி முடிந்ததும் ஒரு பெண் மேல்பக்கத் தண்ணீரைக் கையால் அள்ளி, கொஞ்சத்தைச் சூரியனுக்கு விட்டு, மிச்சத்தைக் குடித்துப் பார்ப்பாள். அவள் "இனிப்பு" என்று சொன்ன பிறகுதான் வயலுக்குப் போகும் வாய்க்காலைத் திறப்பார்கள். அது எங்கள் ஊரின் வழமை. சில வருடங்களாக அந்தப் பெண் நான்தான். "இரத்தினேஸ்வரியின்ர நாக்குக்குத் தப்பி இந்த ஊரில ஒண்டும் போகாது" என்று பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்தக்கா சொல்லுவா. பாராட்டாகத்தான் சொல்கிறா என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் கட்டைப் பெரும்பாலும் பெண்கள்தான் கட்டினோம். ஆண்களெல்லாம் துறைமுகத்தில் சண்டைக்கால வேலைக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் சிவபாதம் தச்சர், அவரும் அங்கேதான். பர்மா அரிசி வருவது நின்றுபோனது. கடைகளில் அரிசி என்று கேட்டால் சிரித்தார்கள். அதனால் விதைநெல்லில் ஒரு பிடிகூட வீட்டில் வைக்காமல் முழுவதையும் விதைத்தோம். அந்தப் பயிர் போனால் திரும்ப விதைக்க எங்களிடம் ஒன்றுமில்லை. தின்னவும் ஒன்றுமில்லை.

அந்தக் கட்டுக்கு ஒரு எதிராளி இருந்தார். மூதூர் கலீலுர் றஹ்மான் காக்கா. காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். பெரிய பலகை வள்ளம் ஒன்றின் சொந்தக்காரர். கட்டு இல்லாத காலத்தில் அவர் கிளையாற்றில் மேலே போய் இறால் பிடிப்பார். கட்டுக் கட்டினால் வழி அடைபட்டுவிடும். அதனால் வருடா வருடம் வந்து, "இன்னும் கொஞ்சம் பொறுத்துக் கட்டுங்க" என்பார். நான் ஏலாது என்பேன். அவர் தன் இறாலைப் பற்றிப் பேசுவார், நான் என் நெல்லைப் பற்றிப் பேசுவேன். கடைசியில் அவர் கோபித்துக்கொண்டு போய், மறுநாள் ஒரு கோர்வை மீன் அனுப்பிவிடுவார். நானும் மரக்கறி ஏதாவது கொடுத்தனுப்புவேன்.

சித்திரை பிறக்க முன்னான ஒரு வியாழக்கிழமை காலை குண்டு விழுந்தது. கட்டைக் காவல் பார்க்கும் முறை அன்றைக்கு எனக்கும் சிவக்கொழுந்தக்காவுக்கும். கட்டின் மேல் இருந்துகொண்டே கேட்டோம், குடாவுக்கு அப்பால் நிலம் அதிரும் சத்தம். பிறகு வடக்கே கறுத்த புகை எழும்பி அப்படியே நின்றது. என் மனிதர் அந்தப் புகைக்குக் கீழே எங்கேயோ இருக்கிறார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா.

வெயில் உச்சிக்கு வந்தபோது கிளையாற்றின் வாயால் வள்ளங்கள் வந்தன. முன்னால் வந்தது றஹ்மான் காக்காவின் வள்ளம். கட்டில் முட்டி நின்றது.

"கட்டைத் திறக்க வேணும் புள்ள" என்றார்.

"இண்டைக்குமோ காக்கா? ஊர் எரியேக்கையும் உங்களுக்கு இறால் நினைப்போ?"

வேறு நாளென்றால் பதிலுக்குப் பதில் வந்திருக்கும். அன்றைக்கு அவர் ஒரு பக்கம் ஒதுங்கினார். அவருக்குப் பின்னால் இருந்ததை நான் பார்த்தேன். வள்ளம் நிறைய ஆட்கள். தொடையில் தகரம் வெட்டிய ஒரு மனிதர், இரத்தம் நனைந்த சாரத்தோடு. பிள்ளைகள். திருகோணமலை டவுனில் கட்டிக்கொடுத்த அவருடைய மகள் ஸல்ஹா, நிறைமாத வயிற்றோடு தாயின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள்; சித்தி பரீதா என்பது தாயின் பெயர், உறவுமுறை இல்லை. பின்னால் வந்த வள்ளங்களிலும் இதே மாதிரிதான்.

"இறங்கிக் கட்டால நடவுங்கோவன்" என்றேன்.

"நடந்து எங்க போற? ரெண்டு கரையும் சேறு. தில்லை மரம். அந்தப் பால் கண்ணில பட்டாக் குருடு. மூதூர்லயும் குண்டு விழும் எண்டு பயந்துதான் இஞ்ச வந்த. வெயிலுக்கு இதுகள வச்சுக்கொண்டு நான் எங்க நிக்கிற?"

அவர் சொன்னது உண்மை. காயக்காரரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஊருக்கு வர வள்ளம் மட்டும்தான் வழி. மேல்பக்கத்தில் எங்களிடம் இருந்தது இரண்டு பேர் கொள்ளும் ஒரு சின்னத் தோணி.

"எங்கட தோணியில ஒவ்வொருத்தரா ஏத்துவம். பொழுதுபட முடிஞ்சிடும்" என்றேன். எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. பயிர் விரலளவு உயரம். அந்த வயதில் ஒரு வாய் உப்பு அதைக் கொன்றுவிடும்.

அந்த நேரம் விமானச் சத்தம் கேட்டது. யாருடைய விமானம் என்று யாருக்குத் தெரியும்? வள்ளங்களில் இருந்த எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் குப்புற விழுந்தார்கள். அது எங்களுக்கு மேலால் போய் வெருகல் பக்கம் மறைந்தது. எழுந்து பார்த்தபோது பிள்ளைகள் அழக்கூட இல்லை, வாயைத் தங்கள் கைகளால் பொத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் மண்வெட்டியை எடுத்தேன்.

"இரத்தினம், பயிர்!" என்றா சிவக்கொழுந்தக்கா.

"தெரியும் அக்கா. மற்ற மண்வெட்டியை நீங்கள் எடுங்கோ."

நாங்கள் வள்ளம் போகும் அகலத்துக்குத்தான் வெட்டினோம். மிச்சத்தைத் தண்ணீர் வெட்டியது. மேலே நாங்கள் சேர்த்து வைத்திருந்த நல்ல தண்ணீர் முழுவதும் பாய்ந்து இறங்கும்போது கட்டில் பாதியைக் கொண்டுபோனது. வேகம் தணிந்த பிறகு கயிறு கட்டி வள்ளங்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்தோம். கடைசி வள்ளமும் ஏறின பிறகு றஹ்மான் காக்கா என்னிடம் வந்தார்.

"உங்கட மாப்பிள்ளை சிவபாதத்தக் கண்டன் புள்ள. உசிரோட இரிக்கார். காயக்காரர வள்ளத்தில ஏத்திவிட்டது அவர்தான். இன்னும் ஆக்கள் இரிக்காங்க எண்டு நிண்டுட்டார்."

நான் மண்வெட்டியைக் கீழே போட்டேன். பிறகு கோபம் வந்தது. "இதை முதலே சொல்லக்கூடாதோ!"

"முதலே சொன்னா, கட்டைத் திறக்க இந்தக் காக்கா பொய் சொல்றான் எண்டு நினைப்பீங்க."

நினைத்திருப்பேன். அவருக்கு என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது. நான் அந்த இடத்திலேயே இருந்து அழுதேன். அவர் மற்றப் பக்கம் திரும்பி நின்றார்.

வாய்க்கால் வாயை உடனேயே மண் போட்டு அடைத்தோம். வயலில் நின்ற தண்ணீரைக் கொண்டு பயிர் எத்தனை நாள் தாங்குமோ அத்தனை நாள். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் டவுன் சனம். எங்கள் வீட்டில் றஹ்மான் காக்கா குடும்பம். மறுநாள் பகலிலேயே ஸல்ஹாவுக்கு நோவு கண்டது. எங்கள் அறைக் கதவு என்று ஒன்றும் கிடையாது, வீட்டுக்கே ஒரு கதவுதான். அதைச் சாத்திவிட்டுச் சிவக்கொழுந்தக்காவும் சித்தி பரீதாவும் உள்ளே நின்றார்கள். ஒரு பெண் பிள்ளை பிறந்தது. லைலா என்று பெயர் வைத்தார்கள்.

கடல் ஏறும்போதெல்லாம் உப்பு எங்களைத் தாண்டி மேலே போனது. உடைந்த இடத்தை அடைக்க எல்லாரும் இறங்கினோம். டவுன் கடை முதலாளி ஒருவர் கழுத்தில் துவாயோடு மண் சுமந்தார். கந்தோரில் எழுத்து வேலை செய்தவர், பள்ளிக்கூடப் பெண்கள், எல்லாரும் சேறு. தடி நட்டு, வெட்டின கிளை அலம்பல் அடைத்து, மண் கொட்டினோம். உடைப்பு ஆழமாகிவிட்டதால் கடல் இறங்கும் இழுவையில் எல்லாம் போய்விடும். திரும்பக் கொட்டினோம். திரும்பப் போனது. அந்த நேரத்தில்தான் என் மனிதர் இடுப்பளவு சேற்றோடு வந்து சேர்ந்தார். முதலில் ஏசினேன், பிறகு கட்டிப்பிடித்தேன், பிறகு மண்வெட்டியைக் கையில் கொடுத்தேன். அவர் ஒருகிழமை நித்திரை கொள்ளாத முகத்தோடு மண் வெட்டினார்.

தண்ணீர் வற்றி வயல் வெடிக்கத் தொடங்கியது. வரம்பில் நின்று பார்க்க எனக்குப் பயம். அன்றைக்குக் காலை றஹ்மான் காக்கா உடைப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்த் தன் வள்ளத்திலிருந்து வலை, சட்டி, பாய் எல்லாவற்றையும் கரையில் இறக்கினார். வெறும் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வந்து உடைப்புக்குக் குறுக்கே பிடித்தார்.

"இதுக்குள்ள மண்ணப் போடுங்க."

நான்தான் கேட்டேன், "காக்கா, என்ன செய்யிறீங்கள் எண்டு தெரிஞ்சுதானோ?"

"தெரியும். மண் நிரம்பினாத் தாழும், தாழ்ந்தா நிக்கும். அதுக்கு மேல உங்கட கட்டைக் கட்டுங்க. மழைக்கு முன்னம் கிண்டி எடுத்துத் தாங்க, அவ்வளவுதான்."

நான் கரையில் நின்ற சித்தி பரீதாவைப் பார்த்தேன். கையில் லைலா. "எங்கட பேத்தி பிறந்த வீட்டில சோறு இல்லாமப் போறதா?" என்றா அவ. "போடுங்க புள்ள, மண்ணப் போடுங்க."

போட்டோம். வள்ளம் மெல்லத் தாழ்ந்து அடியில் குந்தியது. அதற்கு மேலே தடியும் அலம்பலும் களிமண்ணுமாக ஏற்றினோம். இந்த முறை போகவில்லை. ஆற்றிலிருந்து மெல்ல மெல்லத் தண்ணீர் வந்து மேல்பக்கம் நிரம்பியது. கூடின தண்ணீர் கட்டின் மேல் வெட்டிவிட்ட சின்ன வழியால் வழிந்தோடியது. வழமைப்படி நான் இறங்கி, கையால் அள்ளி, கொஞ்சம் சூரியனுக்கு விட்டு, மிச்சத்தைக் குடித்தேன்.

இனிப்பு. அத்தனை நாளுக்குப் பிறகு நல்ல தண்ணீர். "இனிப்பு!" என்று கத்தினேன். குழந்தைகள் குதித்தார்கள். வாய்க்காலைத் திறந்தார்கள்.

மறுநாள் காலை றஹ்மான் காக்கா எங்கள் முற்றத்துக்கு வந்தார். வாய்க்கால் வாய்க்கு முன்னால் ஆழத்தில் மீனுக்குப் போட்ட கூட்டைத் தூக்கியிருக்கிறார். கையில் ஒரு சின்னத் திருக்கை.

"இதென்ன புள்ள?"

"திருக்கை. ஏன், கறிக்கோ?"

"திருக்கை நல்ல தண்ணியில நிக்குமா?"

"நான் குடிச்சனான் காக்கா. ஊருக்கு முன்னால குடிச்சனான். இனிப்பு."

"மேல குடிச்சீங்க. மீன் கீழ கிடந்த."

பேச்சு வளர்ந்தது. என் நாக்கில் பிழை என்று அவர் சொல்ல, அவருடைய மீனில் பிழை என்று நான் சொல்ல, சிவபாதம் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினார். கடைசியில் காக்கா ஒரு வெறும் போத்தலை எடுத்தார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குடித்துவிட்டு எறிந்து கரையொதுங்கியது. அதன் கழுத்தில் கல் கட்டி, அடைப்பானுக்கு வேறு கயிறு கட்டி, தோணியில் போய் வாய்க்கால் வாய்க்கு நேரே ஆழத்தில் இறக்கினார். அடியில் முட்டினதும் அடைப்பானின் கயிற்றைச் சுண்டினார். குமிழி வந்தது. போத்தலைத் தூக்கி என்னிடம் நீட்டினார்.

நான் ஒரு வாய் வைத்தேன், துப்பினேன். அது கடல்.

அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு வருடமும் உப்பு வருமுன்னே கட்டிவிடுவோம், ஆகவே மேலே அள்ளினாலும் கீழே அள்ளினாலும் ஒரே தண்ணீர்தான். எங்கள் ஊரில் ஒருவரும் கீழே அள்ளிப் பார்த்ததில்லை, பார்க்கத் தேவையும் வந்ததில்லை. இந்த வருடம் கடல் முதலே உள்ளே வந்து அடியில் பாரமாகப் படுத்துவிட்டது. நல்ல தண்ணீர் அதற்கு மேலால் வந்து, மேலாலேயே வழிந்து போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் எடுப்பதோ அடியிலிருந்து.

ஓடினோம். வாய்க்காலை அடைத்தோம். வாய்க்காலின் தலையில் இருந்தது என் வயல்தான், ஆகவே நான் "இனிப்பு" என்று சொன்ன தண்ணீரை முதலில் குடித்ததும் என் பயிர்தான். ஒரு துண்டு நிலத்தில் நுனியெல்லாம் கருகிச் சுருண்டு கிடந்தது. மற்ற வயல்களுக்கு உப்பு இன்னும் போய்ச் சேரவில்லை. அந்தக் கூட்டில் திருக்கை விழாமல் இருந்திருந்தால், அல்லது விழுந்ததை அவர் பேசாமல் கறிக்குக் கொண்டுபோயிருந்தால், ஊர் முழுவதற்கும் அதுதான் கதி. நான் அந்த வரம்பிலேயே நின்று, "காக்கா, நல்லா இருங்கோ" என்றேன். எனக்கு வேறு சொல் வரவில்லை.

"நல்லா இரிக்கிறது பிறகு. அடித் தண்ணிய எப்பிடி வெளிய எடுக்கிற?"

மேலே வெட்டிவிட்ட வழியை அடைத்துவிட்டு அடியால் ஒரு வழி வைக்க வேண்டும். கடல் இறங்கும்போது திறந்தால் பாரமான உப்புத் தண்ணீர் முதலில் போகும், ஏறும்போது அடைத்துவிடலாம். ஆனால் கட்டின் அடியில் இருப்பது வள்ளம். பக்கத்தில் தோண்டினால் கட்டு முழுவதும் போகும். சிவபாதம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். தச்சர் ஆகையால் அவருக்கு வழி தெரிந்துவிட்டது, சொல்லத்தான் வாய் வரவில்லை.

"சொல்லுங்கோ" என்றேன்.

"வள்ளத்துக்குக் குறுக்கால ஓட்டை போடவேணும். ரெண்டு பக்கப் பலகையையும் அறுத்து, உள்ளால குடைஞ்சு கோறை எடுத்த பனங்குத்தியொண்டைச் செருகலாம். ஆனா பிறகு... பிறகு அது வள்ளமில்லைக் காக்கா."

எல்லாரும் றஹ்மான் காக்காவைப் பார்த்தோம். மண்ணுக்குள் கிடந்தாலும் அதுவரை அது முழு வள்ளம். மழைக்கு முன் கிண்டி எடுத்துக் கழுவினால் கடலுக்குப் போகும். அந்த நம்பிக்கையில்தான் அவர் அதைத் தந்தார். கேட்க எனக்கு வாயில்லை, ஊரில் ஒருவருக்கும் வாயில்லை. அவர் கட்டின்மேல் ஏறி, வள்ளம் கிடந்த இடத்தில் காலை வைத்தார்.

"கோடாலியால கொத்தாதீங்க" என்றார். "வாளக் கொண்டு வாங்க. அறுக்கிறதெண்டா ஒழுங்கா அறுங்க."

வள்ளத்தின் நடுவிலிருந்து மண்ணைக் கிண்டினோம். கடல் இறங்கின நேரம் பார்த்து சிவபாதம் கீழ்ப்பக்கப் பலகையை அறுத்துப் பனையைச் செருகி, சுற்றிவரக் களி அப்பினார். மேல்பக்கப் பலகை தண்ணீருக்குள். அதைக் காக்கா தானே மூழ்கி மூழ்கி உளியால் உடைத்தார். வேறு ஒருவர் கை அந்தப் பலகையில் படுவதை அவரால் பார்க்க ஏலாது என்று எனக்குத் தெரிந்தது. கடைசியாக மூழ்கி எழும்பியபோது கண் சிவந்திருந்தது. உப்புத் தண்ணீர்தானே, எல்லாருக்கும் சிவக்கும்.

பனையின் வாயால் முதலில் கலங்கல் வந்தது. பிறகு தெளிந்த, குளிர்ந்த உப்புத் தண்ணீர் தடித்த கையளவுக்கு ஓடியது. கடல் இறங்கத் திறந்தோம். கடல் ஏறச் சாக்குச் சுற்றின தேங்காய் மட்டையால் அடைத்தோம். ஒவ்வொரு நாளும் காக்கா போத்தலை இறக்குவார், நான் வாயில் வைப்பேன். "உப்பு" என்பேன். "உப்பு." "இன்னும் உப்பு." ஊர் கரையில் நின்று என் முகத்தைப் பார்க்கும். ஒரு நாள் வாயில் வைத்துவிட்டு நான் துப்பவில்லை. சொல்லாமல் போத்தலை அவரிடம் நீட்டினேன். அவர் குடித்தார். என்னைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்கோ காக்கா" என்றேன்.

"இனிப்பு" என்றார் அவர். மெல்லச் சொன்னதால் ஊருக்குக் கேட்கவில்லை. சிவக்கொழுந்தக்காதான் கத்திச் சொன்னா.

அந்த முறை ஊர் நெல் அறுத்தது. என் தலைத் துண்டு போனது போனதுதான், மிச்சம் விளைந்தது. டவுன் சனம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போனபோது ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. மண் சுமந்த கடை முதலாளி தன் பங்கு நெல்லைத் துவாயில் முடிந்துகொண்டு, குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு போனார். அரிசி விற்றவர் அவர்.

றஹ்மான் காக்கா மூதூருக்குப் போய் மற்றவர்களின் வள்ளத்தில் ஆளோடு ஆளாக வலை இழுத்தார். சொந்த வள்ளத்தின் முன் அணியத்தில் நின்று கட்டளை போட்ட மனிதர். ஒரு நாள் சந்தையில் கண்டபோது, "முதுகுக்கு நல்லம் புள்ள, சும்மா இரிந்து பழகிட்டன்" என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

மாரி தொடங்குமுன் ஊர் முழுவதும் போய் வள்ளத்தைக் கிண்டி எடுத்தோம். கழுவி, கரையில் கவிழ்த்து வைத்தோம். உடம்பெல்லாம் நல்ல உடம்பு. இரண்டு பக்கமும் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. சிவபாதம் தட்டிப் பார்த்து, "பலகை இருந்தாப் புதுசு மாதிரி ஆக்கித் தருவன்" என்றார். பலகைக்கு எங்கே போவது? வெட்டுகிற மரமெல்லாம் துறைமுகத்துக்குப் போகிற காலம். அவர் மூதூர் தேடினார், சம்பூர் தேடினார், துறைமுகத்திலேயே கேட்டுப் பார்த்தார். சவப்பெட்டிக்கே பலகை இல்லை என்றார்கள்.

அன்றைக்கு அவர் வெறுங்கையோடு வந்து கதவைத் திறந்து உள்ளே வந்தார். நான் குசினி அடுப்படியிலிருந்து கதவைப் பார்த்தேன். முதிரைக் கதவு. என் சீதன வீட்டுக்கு அப்பா செய்வித்தது. சிவபாதம் அதற்கு நீல வண்ணம் பூசியிருந்தார். வண்ணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை.

"கழட்டுங்கோ" என்றேன்.

"எதை?"

"கதவை. முதிரைதானே. உப்புக்குத் தாங்கும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தச்சுச் சாமானை எடுத்தார். அந்த மனிதரை நான் கட்டினதற்கு நான் கடவுளுக்கு நன்றி சொன்ன நாட்களில் அதுவும் ஒன்று.

றஹ்மான் காக்காதான் ஒப்பவில்லை. கரையில் கிடந்த கதவைப் பார்த்துத் துள்ளினார். "வீட்டுக் கதவைக் கழட்டி வள்ளத்துக்கு அடிக்கிறதா? நடக்காது! என்ட பேத்தி பிறந்த வீட்டைத் திறந்து போட்டுட்டு நான் மீன் பிடிக்கவா? கள்ளன் வந்தா?"

"வந்தா நெல்லைத்தான் எடுப்பான்" என்றேன். "அந்த நெல்லு எங்களுக்கு எப்பிடி வந்தது காக்கா? உங்கட வள்ளம் மண்ணுக்குள்ள கிடந்ததாலதான் வந்தது. அது இல்லாட்டில் பூட்டி வைக்க எங்களிட்ட என்ன இருந்திருக்கும்? வெறும் வீட்டுக்குக் கதவு எதுக்கு?"

அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார்.

"புடியுங்க" என்றார் கடைசியில் சிவபாதத்திடம், கதவின் மற்றத் தலைப்பைத் தான் தூக்கிக்கொண்டு.

முதல் மழைக்கு முன்னம் வள்ளம் மூதூர்க் கரையிலிருந்து கடலுக்கு இறங்கியது. ஊர் போய் நின்றது. ஸல்ஹா லைலாவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். சித்தி பரீதா எல்லாருக்கும் சீனிப் பாணி கொடுத்தா. அந்தக் காலத்தில் சீனி எங்கே கிடைத்ததோ தெரியாது. காக்கா அணியத்தில் ஏறி நின்றார். வள்ளம் அலையில் ஏறிச் சரியும்போதெல்லாம் அதன் வயிற்றில் என் கதவின் நீலம் தெரிந்தது.

"இரத்தினம், உன்ர வீட்டுக் கதவு கடலுக்குப் போகுது" என்றா சிவக்கொழுந்தக்கா.

"போகட்டும் அக்கா" என்றேன். "மழை விட்டவுடன இன்னும் கொஞ்சம் பொறுத்துக் கட்டுங்க எண்டு சண்டைக்கு வருவார்தானே. அப்ப பாத்துக்கொள்ளுறன்."

சொல்லிவிட்டு அழுதேன். நன்றியில் வரும் அழுகை என்று ஒன்று இருக்கிறது, அதை எனக்கு அந்த மனிதர்தான் காட்டித்தந்தார். வீட்டுக்கு வந்து, கதவு இருந்த இடத்தில் ஒரு பாயைத் தொங்கவிட்டேன். கடற்காற்று பாயை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தது. அதிலும் உப்புத்தான். நான் அதை மறிக்கவில்லை.